மாரிக்கு முன் குசினிச் சாமான்களை அடைத்து வைப்பது எப்படி: வரிசையான வழிகாட்டி

மாரிக்குச் சாமான் அடைக்கிற வேலையைத் திருகோணமலையில் பல வருடமாகச் செய்கிறேன். புதிதாகத் தனிக்குடித்தனம் போன தங்கச்சிமாருக்கும் மருமகளுக்கும் பக்கத்தில் இருந்து காட்டியும் இருக்கிறேன். எல்லாரும் தவறுகிற இடம் ஒன்றுதான். முதலில் கடைக்குப் போய் விதவிதமாக டப்பா வாங்கி வருவார்கள். அதற்குள் எதைப் போடுவது என்பது பிறகுதான்.

டப்பா, போத்தல், சாடி, பேணி எல்லாம் காவல்காரன் மாதிரி. வெளியே நிற்பவனை உள்ளே விடமாட்டான். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவனையும் வெளியே விடமாட்டான். சாமானோடு சேர்ந்து உள்ளே போன ஈரம், வண்டின் முட்டை, பழைய மணம் மூன்றையும் அவன் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பான். கீழே சொல்கிற வரிசை முழுவதும் இந்த மூன்றையும் வெளியே நிறுத்தத்தான்.

முதலே எடுத்து வைக்க வேண்டியவை: ஒரு தராசு, அகலமான இரண்டு தாம்பாளம், சுளகு, காய்ந்த பருத்தித் துணிகள், அப்பச்சோடா, ஒட்டும் காகித நாடா, பேனை, ஒரு வாளி தண்ணீர். புதிய டப்பா இந்தப் பட்டியலில் இல்லை.

1. நாளைப் பாருங்கள்

ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுப்பகுதி வரை நல்ல காலம். கச்சான் காற்று இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், வெயிலும் காயும். ஐப்பசியில் முதல் மழை விழுந்தபின் தொடங்கினால் காற்றில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்துத்தான் அடைப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம்.

அன்றைய நாள் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. காலையில் ஒரு தேக்கரண்டி காய்ந்த உப்புத்தூளைத் தட்டில் பரப்பிக் குசினியில் வையுங்கள். காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் இழுக்கத் தொடங்கும். மத்தியானம் தொட்டுப் பார்க்க விரலில் ஈரம் ஒட்டினால் அன்று எதையும் அடைக்காதீர்கள். கல்லுப்பு இந்தச் சோதனைக்கு உதவாது. அதில் கலந்திருக்கிற மக்னீசிய உப்புகள் அதற்கு முன்னமே ஈரத்தை இழுத்துவிடும்.

2. சாமானை எழுதி, பிறகு பாத்திரத்தைக் கணக்கிடுங்கள்

என்ன சாமான், எத்தனை நாளைக்கு, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு கொத்து அரிசி என்று வைத்தால் பத்து நாளைக்குப் பத்துக் கொத்து, அதாவது ஏறக்குறைய 10 கிலோ. கொத்து வீட்டில் இல்லையென்றால் டின்பால் பேணியால் நாலு தரம் அளக்கலாம். அந்தப் பேணி ஒன்று ஒரு சுண்டு, நாலு சுண்டு ஒரு கொத்து.

புதியவர்கள் தடுமாறுவது கிலோவையும் லீற்றரையும் ஒன்றென்று எடுப்பதில்தான். ஒரு லீற்றர்ப் போத்தலில் அரிசி 800 கிராமுக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். மிளகாய்த்தூள் அதில் பாதியளவுதான் பிடிக்கும். ஆகவே 10 கிலோ அரிசிக்கு 12, 13 லீற்றர் இடம் வேண்டும். ஒரு கிலோ மிளகாய்த்தூளுக்கு இரண்டு லீற்றருக்குமேல் வேண்டும்.

ஒரே பெரிய டப்பாவை விட இரண்டு மூன்று சிறியவை நல்லது. பெரியதைத் தினமும் திறந்தால் மாரிக் காற்று தினமும் உள்ளே போகும். ஒன்றை எடுத்துப் பாவிக்கும்போது மற்றவை மூடியபடி இருக்கட்டும்.

3. எதை எதில்

கண்ணாடிப் போத்தல்: மணம் பிடிக்காது, புளிப்பு அரிக்காது, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். மிளகாய்த்தூள், கறித்தூள், புளி, தேசிக்காய் ஊறுகாய் எல்லாம் இதில். போத்தலின் மூடி தகரமாக இருந்தால் ஊறுகாயின் உப்பும் புளிப்பும் அதைத் தின்றுவிடும். மூடிக்கும் வாய்க்கும் நடுவில் தடித்த பொலித்தீன் துண்டு ஒன்றை வைத்துத் திருகுங்கள். பீங்கான் சாடி இருக்கிற வீட்டில் ஊறுகாய்க்கு அதைவிட மேலானது இல்லை. அம்மம்மாவின் சாடியை அலுமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, ஊறுகாயை ஐஸ்கிரீம் டப்பாவில் போடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

அலுமினியம்: புளி, ஊறுகாய், தயிர், உப்பு நான்குக்கும் ஆகாது. புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரித்துச் சாமானோடு கலக்கும். சமைக்கிற நேரம் வேறு, மாதக்கணக்கில் வைப்பது வேறு.

பிளாஸ்டிக்: அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 போட்டது கொஞ்சம் சூடு தாங்கும், சாப்பாட்டு டப்பாக்கள் பெரும்பாலும் அதுதான். 2 போட்டது தடித்தது. மூடியுள்ள வாளிகள், பரல்கள் அந்த வகை. 1 போட்டது தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல். சுடுதண்ணீர் பட்டால் சுருங்கிவிடும், ஆனால் காய்ந்த சாமானுக்கு நல்லது. பயறு, உளுந்து, கடலையை நன்றாகக் காய்ந்த தண்ணீர்ப் போத்தலில் போட்டு இறுக்கித் திருகினால் விலை கொடுத்து வாங்குகிற டப்பாவுக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல. எண் எதுவும் இல்லாதது, பெயின்ற் இருந்த பேணி, பூச்சிமருந்துப் போத்தல் எதையும் எத்தனை தரம் கழுவினாலும் குசினிக்குள் எடுக்காதீர்கள்.

தகரப்பேணி: கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பிஸ்கட் பேணியின் அடிவிளிம்பு ஒரு மாரியிலேயே துருவேறும். முறுக்கு, பயற்றம்பணியாரம் போல பத்துப் பதினைந்து நாளில் தீர்கிறவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். நிலத்தில் நேரே வைக்காமல் பலகைத் துண்டின்மேல் வையுங்கள்.

மண்சட்டி, மண்முட்டி: மண் மூச்சு விடும். தண்ணீர் அதன் நுண்துளைகளால் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. கச்சான் காலத்தில் முட்டித் தண்ணீர் அமிர்தமாக இருப்பது அதனால்தான். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது குறைந்துவிடும், குளிர்ச்சியும் இருக்காது. அதே நுண்துளை வழியாக வெளியீரமும் உள்ளே வரும். ஆகவே மாரிக்கு உலர்ந்த சாமானை மண்பாத்திரத்தில் வைக்கக் கூடாது.

மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தயிர் வருகிற சட்டியைப் பற்றியும் கேட்பார்கள். எருமைத் தயிரின் கொழுப்பு மண்ணுக்குள் ஊறிப் போயிருக்கும், அது பழசாகி நாறும். அதில் பருப்போ சீனியோ போட்டால் அந்த மணம்தான் வரும். சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி முற்றத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பனையோலைப் பெட்டி, கடகம்: வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்குக்கு இதுதான். அவற்றுக்குக் காற்று ஓட வேண்டும். மூடியுள்ள டப்பாவில் வெங்காயத்தைப் போட்டால் ஒரு கிழமையில் முளைக்கும் அல்லது அழுகும். வெங்காயத்தையும் கிழங்கையும் மட்டும் ஒரே கடகத்தில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும்.

4. மூடியைச் சோதியுங்கள்

கழுவுவதற்கு முன்னமே இதைச் செய்யுங்கள். கழுவிக் காயவைத்த பிறகு மூடி சரியில்லை என்று கண்டுபிடித்தால் செய்த வேலை முழுதும் வீண்.

உள்ளே ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் போட்டு மூடுங்கள். வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக அமுக்கிச் சில நிமிடம் பிடியுங்கள். குமிழ் வந்தால் அந்த இடத்தில்தான் ஓட்டை. வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் அந்தப் பாத்திரம் அரிசிக்கோ மாவுக்கோ ஆகாது. மெழுகுதிரி போல ஈரம் பட்டாலும் கெடாதவற்றைப் போடப் பாவியுங்கள்.

பெரும்பாலும் குற்றம் ரப்பர் வளையத்தில்தான் இருக்கும். கழற்றிப் பாருங்கள், அடியில் கறுப்பாகப் பூஞ்சணம் இருக்கும். வெடித்திருந்தால் புதிதாக மாற்றுங்கள். மூடியைக் கொதிதண்ணீரில் போடாதீர்கள், நெளிந்தால் பிறகு எந்த வளையமும் உதவாது.

5. கழுவி, மணம் போக்கி, காயவிடுங்கள்

பிளாஸ்டிக் டப்பாவில் பழைய கறிமணம் இருந்தால் சவர்க்காரம் மட்டும் போதாது. இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவை ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து நிரப்பி, ஒரு இரவு விட்டுக் கழுவுங்கள். மஞ்சள் கறை வெயிலில் தானாக மங்கும். அப்படியும் மணம் போகாத டப்பாவை மிளகாய்த்தூளுக்கு ஒதுக்கிவிடுங்கள். சீனி, தேயிலை, மா மூன்றும் அடுத்தவன் மணத்தை உடனே இழுத்துக்கொள்ளும்.

ஊறுகாய்ப் போத்தலைக் கொதிக்கவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீருள்ள பானைக்குள் போத்தலை வைத்து, பிறகு அடுப்பை மூட்டுங்கள். கொதி வந்தபின் 10 நிமிடம். கொதிக்கிற தண்ணீருக்குள் குளிர்ந்த போத்தலைப் போட்டால் கண்ணாடி ஒரே அடியாக விரிய முடியாமல் வெடிக்கும்.

அடுத்தது காய்தல். துடைத்தால் காய்ந்தது என்று நினைப்பது பெரிய பிழை. திருகு வாயின் வரிகளில், மூடியின் விளிம்புக்குள், ரப்பர் வளையத்தின் அடியில் தண்ணீர் ஒளிந்திருக்கும். வளையத்தைக் கழற்றி, மூடியையும் பாத்திரத்தையும் தனித்தனியே துணியில் கவிழ்த்து ஒரு பகல் முழுவதும் விடுங்கள். கடைசி ஒரு மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள், அடியில் தங்கிய ஈரக்காற்றும் போகும்.

6. சாமானைக் காயவிட்டு, ஆறவிடுங்கள்

முழு வேலையிலும் அவசரம் பார்க்கக் கூடாத இடம் இதுதான்.

மிளகாய்த்தூள்: ஒரு வருடம் மிளகாயும் மல்லியும் வறுத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்தேன். மில்லில் அரைபடும் சூட்டில் தூள் வெதுவெதுப்பாகத்தான் கைக்கு வரும். மழை கறுத்துக்கொண்டு வந்தது, அவசரத்தில் அப்படியே இரண்டு போத்தலில் அமுக்கி மூடிவிட்டேன். மறுநாள் பார்த்தால் மூடியின் உட்புறம் முழுவதும் சின்னச் சின்ன நீர்த்துளி. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, “சூட்டோட மூடிட்டியோ பிள்ளை? இனி அது கட்டி கட்டியாத்தான் வரும்” என்றார். அப்படியே ஆயிற்று. ஒரு கிழமைக்குள் மேல் அடுக்கு இறுகி, நரை பூத்தது மாதிரிப் பூஞ்சணம். இரண்டு போத்தலையும் கொட்டினேன்.

சூடான தூளிலிருந்து ஆவி கிளம்பும். மூடி குளிராக இருப்பதால் ஆவி அங்கே நீராகும். நீர் மறுபடி தூளில் சொட்டும். ஆகவே மில்லிலிருந்து வந்ததும் தாம்பாளத்தில் விரல் தடிப்புக்குப் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, மூன்று நாலு மணி நேரம் விடுங்கள். நடுவில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், மேலே ஆறியிருந்தாலும் அடியில் சூடு இருக்கும். செய்தித்தாளில் கொட்டாதீர்கள், மை ஒட்டும்.

அரிசி: தம்பலகாமம் பக்கத்துச் சிறுபோக அரிசி ஆவணி, புரட்டாசியில் வரும். புழுங்கல் அரிசி சில நேரம் முழுதாகக் காயாமலே மூட்டைக்குள் போயிருக்கும். ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் அடைத்து வைக்க ஆகாது. அளக்கக் கருவி தேவையில்லை. காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி அரிசியும் ஒரு மேசைக்கரண்டி காய்ந்த உப்புத்தூளும் போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டினால் அரிசியில் ஈரம் கூட. ஒட்டாமல் அடியில் விழுந்தால் சரி.

ஈர அரிசியைக் கொதிக்கிற வெயிலில் போடாதீர்கள். வெளிப்புறம் முதலில் சுருங்கி மணி வெடிக்கும், சோறு நொய்யாக வரும். நிழலில், காற்றோட்டத்தில், பாயில் பரப்பி இரண்டு நாள் கிளறிவிடுங்கள்.

வண்டு பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, அது வெளியிலிருந்துதான் வருகிறது என்று. பெரும்பாலும் அரிசியோடேதான் வருகிறது. தாய் வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை இடும், எங்கள் சூட்டில் ஒரு மாதமளவில் குஞ்சு வண்டாகி வெளிவரும். சுளகில் புடைத்தால் வண்டு போகும், முட்டை போகாது. வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடுவது கொஞ்சம் விரட்டும், உள்ளே இருக்கிற முட்டையைக் கொல்லாது. பிரீசர் இருந்தால் அரிசி, ஒடியல் மா, குரக்கன் மா எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி நாலு நாள் வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்க வேண்டாம். அறைச்சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த மாவின்மேல் காற்றின் ஈரம் நீராகப் படியும், செய்ததெல்லாம் வீண்.

கருவாடு: அதில் உப்பு இருப்பதால் மாரியில் அதுவும் தண்ணீர் இழுக்கும். அடைக்குமுன் ஒரு முழுநாள் வெயில் காட்டி, ஆறியபின் காகிதத்தில் சுற்றி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். மற்றச் சாமான்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். நடுவில் எடுத்துப் பார்க்கும்போது இளஞ்சிவப்பாக நிறம் ஏறிப் பிசுபிசுத்தால் கழுவிச் சமைக்கலாம் என்று யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

7. நிரப்புங்கள்

உலர்ந்த சாமானை மூடி வரை நிரப்பித் தட்டித் தட்டி அமர்த்துங்கள். மேலே வெறுமையாக விட்ட இடத்தில் இருப்பது ஈரக்காற்று. ஊறுகாய்க்கு மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள், அது பொங்கும். காய் எல்லாம் சாற்றுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், மேலே எட்டிப் பார்க்கிற துண்டில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

தேங்காயெண்ணெயை வெளிச்சமும் காற்றும் கெடுக்கும். சிறிய போத்தல்களில் கழுத்துவரை ஊற்றி அலுமாரிக்குள் வையுங்கள். மிச்சமிருந்த பழைய எண்ணெயின் மேலேயே புதியதை ஊற்றுவது வழக்கமான பிழை. அடியில் காறிப்போன அந்த இரண்டு கரண்டி முழுப் போத்தலையும் காற வைக்கும். அரிசிக்கும் இதே கதைதான். பழையதைக் கொட்டி, துடைத்து, பிறகு புதியதைப் போடுங்கள்.

8. பெயரும் திகதியும்

நாடாவில் சாமான் பெயர், அடைத்த திகதி இரண்டையும் எழுதிப் பாத்திரத்தின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டாதீர்கள், மூடிகள் மாறிப்போகும். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதுதானே என்று சொன்ன என் தங்கச்சி, வறுத்த அரிசி மா என்று நினைத்துப் பச்சை மாவில் புட்டுக்குக் குழைத்தாள். அன்று காலை எல்லாரும் பாண் சாப்பிட்டோம்.

9. வைக்கிற இடம்

மாரியில் சுவர் வேர்க்கும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம், ஆவியும் சூடும் நேரே அங்கேதான் போகும். வெள்ளம் வருகிற வீடு என்றால் அரிசி மேல் தட்டில், தண்ணீர் பட்டாலும் பரவாயில்லாத போத்தல்கள் கீழே. 2020 டிசம்பர் 2 இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த இரவில் பலர் இருட்டில் மூட்டை தூக்கினார்கள். அதை இப்போதே வெளிச்சத்தில் செய்துவிடலாம்.

10. மூன்றாம் நாள் பாருங்கள்

அடைத்து மூன்றாம் நாள் காலை, திறக்காமல், மூடியின் உட்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளி இருந்தால் அன்றே கொட்டிப் பரப்பிக் காயவிடுங்கள். அந்த நாளில் பிடித்தால் சாமானைக் காப்பாற்றலாம். பிறகு மாதம் ஒரு தரம், வெயில் எறிக்கிற நாளாகப் பார்த்து. எடுக்கும் கரண்டி காய்ந்ததாக இருக்கட்டும்.

11. தண்ணீர்ப் பரல்

புயல் வந்தால் குழாய் நின்றுவிடும், கிணறும் கலங்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 6 லீற்றர் என்று கணக்கிட்டு, மூன்று நாளைக்காவது மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். பழைய நீலப் பரல் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, முன்பு அதில் என்ன இருந்தது என்பதை. விற்பவருக்குத் தெரியாவிட்டால் அது குளிக்க, கழுவ மட்டும். கலங்கிய தண்ணீரைத் தெளியவிட்டு வடித்து, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது விட்டுக் குடியுங்கள்.

இனி டெங்கு. 2017 இன் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் நாடு முழுவதும் 180,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அந்த நுளம்பு குளத்தில் வளர்வதில்லை. எங்கள் பரலில், வாளியில், நிமிர்ந்து கிடக்கிற தயிர்ச் சட்டியில்தான் வளர்கிறது. முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்கிறார்கள்.

முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். கிழமைக்கு ஒரு நாள், எங்கள் வீட்டில் ஞாயிறு, பரலின் உட்சுவரைத் தும்புத் தூரிகையால் உரஞ்சிக் கழுவி நிரப்புங்கள். மூடி இல்லாத பரலின் வாயில் நெருக்கமான துணியைப் போட்டு, வார்ப்பட்டியாக வெட்டிய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது, மழைநீர் அதன்மேல் தேங்கவும் கூடாது. முடித்துவிட்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்: யோகட் கப், சிரட்டை, உடைந்த பேணி, தயிர்ச் சட்டி. எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.